கயிறு விழுந்த பக்கம்

சடையிலே ஒரு நதியை முடிந்துகொண்டு ஒரு துளியும் சிந்தாமல் நிற்பவனே, இந்தச் சுடரின் அடியில் தெரிகிற நீலம் உன் கண்டம்தான் என்று நான் எண்ணிக்கொள்வதைப் பொறுத்தருள். அத்தனை பெரிய வெள்ளத்தைத் தாங்கிய தலைக்கு என் ஒருத்தியின் மனம் ஒரு பாரமா, சற்றே தாங்கிக்கொள். திரியைத் தூண்டியாயிற்று. திருநீற்றுச் சம்புடம் வலப்பக்கம். பதிகப் புத்தகம் எதிரே பலகையின்மேல். அதன் அருகில், வைக்கத் தகாத இடம் என்று தெரிந்தும், கைபேசி. காலையில் அதில் கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். “ஏனுங்கம்மா, தையல்நாயகிங்கறது பாப்பா பேருங்களா? பாப்பாகிட்டக் குடுங்க, சேர்க்கை விசயமாப் பேசோணும்.” பாப்பா நான்தான் என்றேன். எதிர்முனையில் மின்விசிறி ஓசைக்கு நடுவே தாள் புரட்டும் ஓசை கேட்டது. “ஐயோ, மன்னிச்சுக்கோங்க டீச்சர். கல்வி நிர்வாகத்துல உங்க சீட்டு இருக்குதுங்க, ஹாஸ்டல்ல ரூமும் இருக்குதுங்க. ஆனா ஒரு பொண்ணு வெயிட்டிங் லிஸ்ட்டுல காத்துட்டு இருக்குது. வர்றீங்களா இல்லீங்களான்னு இன்னைக்குச் சொல்லிப்போடுங்க. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஆபீசுல இருப்பனுங்க.” விளக்கு வைத்தாயிற்று. அவள் இன்னும் சற்று நேரம் இருப்பாள். மற்றொரு கல்லூரி இதே ஊரில்தான், ரயிலடிக்குப் போகும் வழியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும் தொலைநிலைக் கல்வி மையம். அதே பட்டம். பாடநூல்கள் அஞ்சலில் வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, தேர்வுக்கூடம்கூட நான் பணிசெய்து ஓய்வு பெற்ற அதே பள்ளியின் கூடம். “புக்கைப் படிச்சு எழுதிட்டாப் போதும் மேடம், வகுப்புக்கு வரணும்னுகூடக் கட்டாயமில்ல, பாதிப்பேர் வர்றதேயில்ல” என்றார் அங்கிருந்தவர், அதை ஒரு சலுகையாக. யாரும் வராத வகுப்பு. யாரும் வராத வீட்டிலிருந்து யாரும் வராத வகுப்புக்கு நான் போய் வரலாம்.

எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டவர்களில் ரெஜினா ஒருத்திதான் சிரித்துக்கொண்டு கேட்டாள். என்னோடு கணக்கு டீச்சராக இருந்து என்னோடே ஓய்வு பெற்றவள். மாதா கோயில் தெருவில் இருக்கிறாள். “ஏன்டி தையலு, கல்வி நிர்வாகமா? ஆயுசெல்லாம் சும்மா அதைத்தானே பண்ணுனே. இப்ப ஃபீஸு கட்டிப் படிக்கப் போறியா?” அவள் சொன்னதில் பிழையில்லை. எங்கள் பள்ளிக்கு வருகிற தலைமையாசிரியர்கள் எல்லாம் மாற்றலுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே வருவார்கள். அவர்கள் போனபின் மூத்தவள் என்று பள்ளியை என்னிடம் ஒப்படைப்பார்கள். என் பெயருக்குக் கீழே தலைமையாசிரியர் என்று எழுதி, அதன் பின்னே அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போடுவார்கள். அந்த அடைப்புக்குறிக்குள்தான் நான் வாழ்ந்தேன். ஐப்பசி மழையில் பெண்பிள்ளைகளின் கழிவறைச் சுவர் சரிந்தபோது கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன், நேரில் போய் நின்றேன், “நிரந்தரத் தலைமையாசிரியர் வந்து ஒப்பமிடட்டும்மா, நீங்க பொறுப்புதானே” என்றார்கள். பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். செண்பகவல்லி என்று ஒரு பிள்ளை, கையெழுத்து முத்தாக இருக்கும், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. அவள் அம்மா வாசலில் நின்று, “சுவரு கட்டுனதும் அனுப்புறேன் டீச்சர்” என்று சொன்னாள். சுவர் எழுந்தது. வேறொருவர் ஒப்பமிட்டு, வேறொரு ஆண்டில். செண்பகவல்லி அதற்குள் எங்கோ போய்விட்டாள். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போனால் ஒரு சுவர் எழும் என்பதை முறையாகச் சொல்லித் தருகிற படிப்பு ஒன்று உண்டென்று எனக்குத் தெரியவந்தபோது என் தலை முழுவதும் நரைத்திருந்தது. கோயம்புத்தூரில் நேர்காணலின்போது துறைத்தலைவி அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார். “அந்தச் சுவரைத்தாங்கம்மா இங்க நாங்க ரெண்டு வருசம் பாடமா நடத்தறோம்” என்றார். மலையடிவாரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை தேடுகிறார்களாம், வயது அங்கே தடையில்லையாம், படிக்கும்போதே அங்கு களப்பணியாம். அடைப்புக்குறி இல்லாத ஒரு கையெழுத்து. அது எப்படி இருக்கும்? பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் விரலால் முழங்காலின்மேல் என் பெயரை எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன், யாரும் பார்க்கவில்லை.

ஆனால் ஆடலரசன் வேறு சொன்னான். என் மகன், புனேயில் இருக்கிறான். “உள்ளூர்லயே பண்ணும்மா. இந்த வயசுல ஹாஸ்டலா? புள்ள வச்சுக்கலைன்னு என்னைத்தான் பேசுவாங்க.” அப்படியானால் இங்கே வந்துவிடேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன், ஆனாலும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத சொல் இந்த வீட்டில் ஒரு நாற்காலியைப் போல் இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. பின்கட்டில் குழாய் சொட்டுகிறது. என் கணவர் இருந்தபோதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது, அப்போது கேட்டதில்லை. ஒருத்திக்கு அரிசி களைவது எத்தனை சிறிய ஓசை. பாத்திரத்தின் அடியே தெரிகிறது. நேற்றுக் காய்காரியிடம் வேண்டாத கீரையை வாங்கினேன், அவள் இன்னும் சற்று நேரம் பேசுவாள் என்று. குளியலறையில் வழுக்கினால்? பாசி பிடித்த அந்த மூலையில் கால் போய்விட்டால், யார் கதவைத் தட்டுவார்கள், என்றைக்குத் தட்டுவார்கள். பால்காரர் வெளியே மாட்டிய பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், மறுநாளும் போட்டுவிட்டுப் போய்விடுவார். இந்த அச்சம் ஒன்று. விடுதியின் அச்சம் வேறு. இருபது வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, நடுவே தட்டை ஏந்தி நான். அவர்கள் எழுந்து இடம் தருவார்கள், அதுதான் அச்சம். இடம் தந்துவிட்டு, வேறு மேசைக்குப் போய்ச் சிரிப்பார்கள். தனியாக இருக்கையில் தனியாக இருப்பது ஒரு மாதிரி. கூட்டத்தின் நடுவே இருந்தால்? நான் போய்விட்டால் இந்த விளக்கை யார் ஏற்றுவது என்று ரெஜினாவிடம் கேட்டேன், அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்து. “சாவியைக் குடுத்துட்டுப் போடி. நான் வந்து ஏத்தறேன். மெழுகுவத்தி ஏத்துன கைக்கு உங்க சாமி எண்ணெய் ஊத்த விடாதா?” என்றாள். அந்தச் சாக்கும் போயிற்று. அதனால்தான் பதிகப் புத்தகத்தை எடுத்தேன். முடிவை என்னிடமிருந்து யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

கயிறு சார்த்திப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் வீட்டு வழக்கம் என்று சொல்வதே சரி. வழி தெரியாதபோது புத்தகத்தை மூடி வைத்து, கண்ணையும் மூடி, மஞ்சள் தோய்ந்த நூற்கயிற்றை இரு கையாலும் தளரப் பிடித்து, தாள்களின் விளிம்பில் இறக்க வேண்டும். எந்த இடுக்கில் கயிறு இறங்குகிறதோ அந்தப் பக்கத்தைத் திறந்தால் அங்கே இருக்கும் பதிகமே உத்தரவு. பதிகங்கள் பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஊர்க் கோயிலில் பாடப்பட்டவை ஆகையால், உத்தரவு பெரும்பாலும் ஓர் ஊராகவே வரும். நிரந்தரத் தலைமையாசிரியையாகப் புதுக்கோட்டைப் பக்கம் போகச் சொல்லி எனக்கு ஆணை வந்த அன்று அவர் கால் கழுவி வந்து இதே இடத்தில் அமர்ந்தார். அவர் பெயர் மாசிலாமணி. கூட்டுறவு வங்கியில் எழுத்தர். தாம்பாளத்தில் வைத்த பழம் வாடும்வரை பாடிக்கொண்டிருப்பவர். கயிற்றை இறக்கினார். விழுந்தது எங்கள் ஊர்ப் பதிகம், இந்தக் காவிரிக்கரையில், அடுத்த தெருக் கோயிலில் நிற்கிறவனைப் பாடியது. “பார்த்தியா தையல், நம்ம ஊரு. நம்ம ஊர்லயே இருன்னுட்டான்.” எனக்கு மெய் சிலிர்த்தது. ஆணையைத் திருப்பி அனுப்பினேன். மேற்படிப்புக்குச் சிதம்பரம் போகலாமா என்று பிறகொரு வைகாசியில் கேட்டபோதும் கயிறு அதே பக்கத்தில் விழுந்தது. மறுபடியும் சிலிர்த்தது, முன்னிலும் அதிகமாக. ஆடலரசன் வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோதும் அதே ஊர்தான் வந்தது. அவன் மட்டும், “சாமி உங்க ரெண்டு பேருக்குத்தான்ப்பா சொல்றாரு” என்று சிரித்துவிட்டு ரயிலேறினான். இன்று அவர் கை இல்லை. என் கை. கண்ணை மூடினால் காய்காரியின் குரல், மின்விசிறி, துப்பட்டா, முழங்காலில் எழுதிய பெயர். இறைவா, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்று விழட்டும். இல்லை, விழ வேண்டாம், நான் அப்படிக் கேட்கவில்லை, உன் விருப்பம். கயிறு இறங்கியது. தயக்கமே இல்லாமல் இறங்கியது. திறந்தேன். எங்கள் ஊர்.

இம்முறை சிலிர்க்கவில்லை. சரி, இரு என்கிறாய், இருக்கிறேன். மருந்துக்கடை மாடி, அஞ்சலில் வரும் பாடநூல், சொட்டும் குழாய். கைபேசியை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். கயிறு விழுந்தால் அந்தப் பதிகத்தை முழுதும் பாடிய பிறகே எழ வேண்டும் என்பது முறை. பாடத் தொடங்கினேன், தொடங்க முடியவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் முதல் இரண்டடியை அவர் பாடுவார், பின் இரண்டடியை நான் பாடுவேன். இத்தனை காலத்தில் எனக்கு மனப்பாடமானது என் பாதி மட்டுமே. அவர் பாதியைக் கேட்டிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளின்மேல் குனிந்து, அவர் அடிகளை எழுத்தெண்ணிப் படிப்பவளைப் போலப் பாடினேன். குரல் அவர் இடத்தில் நின்று தடுமாறியது. பதிகம் அடுத்த தாளுக்குப் போகிறது, புரட்டினேன், கையை எடுத்ததும் தாள் தானே திரும்பி வந்து விழுந்தது. காற்று என்று எண்ணி மறுபடி புரட்டினேன். மறுபடி வந்து விழுந்தது. மின்விசிறி ஓடவில்லை, சுடர் அசையவில்லை. புத்தகத்தை மூடினேன். கயிறில்லாமல், கண் மூடாமல், கட்டைவிரலால் வெறுமனே திறந்தேன். எங்கள் ஊர். முதுகு கீழே படும்படி நிறுத்திக் கையை விட்டேன். அது தன் இரு பாதிகளையும் மெல்ல அகட்டி, களைத்தவர் கை விரிப்பதைப் போல, எங்கள் ஊரில் விரிந்தது. குனிந்து பார்த்தேன். அந்த இடத்தில் தையல் நூல் அறுந்து, பசை உதிர்ந்து, முதுகு உள்ளே முறிந்திருந்தது. ஒவ்வொரு மாலையும் அவர் எங்கள் ஊர்ப் பதிகத்தைத்தானே முதலில் பாடுவார். தாள் பறக்காதிருக்க இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதானே பாடுவார். ஓரத்தில் திருநீறு படிந்த அந்தக் கையின் மங்கல், ஐந்து விரலும் இருக்கிறது. மணமான நாள் முதலாக அந்த அழுத்தம். எந்தக் கயிறு விழுந்தாலும் அங்கேதான் விழும். நூலாக இருந்தால் என்ன, இலையாக இருந்தால் என்ன, பெருமூச்சு விட்டால்கூட அங்கேதான் திறக்கும்.

அவருக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியில் மனம் மாட்டிக்கொண்டு அசைய மறுக்கிறது. தெரிந்து செய்தாரா, அவருக்குத் தெரியாது, தெரியாது, அவர் பொய் சொல்ல அறியாதவர், வங்கியில் அதற்காகவே கேலி செய்வார்கள். ஆனால் புதுக்கோட்டை ஆணை வந்த அன்று கயிறு இறங்கியதும் அவர் கண்ணில் நீர் வந்ததே. பக்தி என்று எண்ணினேன். இப்போது அந்த முகத்தை இந்தச் சுடரின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அது பிழைத்துக்கொண்டவர் முகம். மாலையில் வங்கியிலிருந்து வந்து, பூட்டைத் திறந்து, ஒருவருக்கு அரிசி களைந்து, பின் இரண்டடி பாட ஆளில்லாமல் முதல் இரண்டடியைப் பாட வேண்டியிருக்கும் என்று அஞ்சிய முகம். நான் இன்று அஞ்சுகிற எல்லாவற்றையும் எனக்கு முன்பே அவர் அஞ்சியிருக்கிறார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பேனே, “தையல், எனக்குத் தனியாக இருக்கப் பயம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனமாரவே இருந்திருப்பேன். உத்தரவு என்று இருந்ததைவிட அது நன்றாக இருந்திருக்கும். கோபம் வருகிறதா என்று பார்க்கிறேன். வருகிறது. அதன் பின்னாலேயே அவருடைய உள்ளங்கையும் வருகிறது, வெதுவெதுப்பாக. இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன; எதை எழுப்பி அனுப்புவேன்? இறைவா, நீ பேசவே இல்லை என்று சொல்ல நான் யார். அவர் கையில் இருந்தும் நீ பேசியிருக்கலாம். ஆனால் இந்தப் புத்தகத்தை நான் இதுவரை ஒரே பக்கத்தில் வைத்துத்தான் படித்திருக்கிறேன் என்பது மட்டும் தெரிகிறது. முறிந்த இடத்தைவிட்டு முன்னும் பின்னும் புரட்டினேன், விரலால் பிடித்துக்கொண்டு. ஊர், ஊர், வேறொரு ஊர். வடகரை, தென்கரை, பாண்டிநாடு, கொங்குநாடு, கடல் கடந்தும் இரண்டு. இதைப் பாடியவர்கள் ஒரே ஊரில் இருந்திருந்தால் இது ஒரு தாளோடு முடிந்திருக்குமே. கால் வலிக்க வலிக்க நடந்து, போன இடத்தில் எல்லாம் உன்னைப் பார்த்துப் பாடியவர்களின் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வீட்டைவிட்டுப் போகலாமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. இந்த அறையில் நான் சிரித்து எத்தனை நாளாயிற்றோ, ஓசை எனக்கே அந்நியமாக இருந்தது. பதிகத்தை முடிக்கவில்லை என்ற நினைவு வந்து, தாளைப் பிடித்துக்கொண்டு மீதிப் பாட்டுகளைப் பாடினேன், அவர் இரண்டடி, என் இரண்டடி, இரண்டையும் என் குரலில். கடைசிப் பாட்டுக்கு வரும்போது தடுமாற்றம் குறைந்திருந்தது.

கைபேசி ஒலித்துவிட்டது. “டீச்சர், பூட்டப் போறனுங்க. பாப்பா என்னங்க முடிவு பண்ணுச்சு?” குரலில் குறும்பு. விடுதியில் எனக்குப் பின்னால் சிரிப்பு இருக்கும் என்று அஞ்சினேனே, இப்படியும் ஒரு சிரிப்பு இருக்கிறது. பாப்பா வருகிறாள் என்றேன். “வாங்க வாங்க. ஸ்வெட்டர் கொண்டாந்துருங்க, ராத்திரிக்குக் குளுருமுங்க. மேல மாடி ரூமு குடுத்தா ஏறுவீங்களா?” ஏறுவேன் என்றேன். பேச்சு முடிந்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது, குழாய் சொட்டுகிறது, போவதென்று சொல்லிவிட்டால் தனிமை போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அது இங்கேயே என்னருகில் இருக்கிறது, அதுவும் மாடி ஏறும். ரெஜினாவுக்குச் சாவி. ஆடலரசனுக்கு நாளைக் காலை ஒரு பேச்சு; கோபிப்பான், பிறகு ஸ்வெட்டர் வாங்கி அனுப்புவான். கடைத்தெருவில் புத்தகம் கட்டுகிறவரிடம் இதைக் கொடுத்து முதுகைத் தைத்து வாங்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம். தைத்தால் அவர் கை மூடிவிடும். முறிந்தபடியே என் பெட்டியில் வரட்டும். கொங்குநாட்டு மாலையில், மாடி அறையில், ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் வாளி நிறைத்துக்கொண்டும் சண்டையிட்டுக்கொண்டும் இருக்க, நான் எங்கே திறந்தாலும் எங்கள் ஊர் திறக்கும். அதை முதலில் பாடிவிட்டு, விரலால் பிடித்துப் புரட்டி, அடுத்த ஊருக்குப் போவேன். சுடர் தாழ்கிறது, எண்ணெய் விட வேண்டும். நதியைச் சிந்தாமல் நிற்பவனே, தாங்கினாய். இதைக் கேட்டிருக்கும் நீங்கள் எவராயினும், எந்த ஊரில் ஒருவருக்கு மட்டும் அரிசி களைந்துகொண்டிருப்பவராயினும், உங்கள் கதவைத் தட்ட ஒரு கை இருக்கட்டும், நீங்கள் பாடிவிட்ட முதல் அடிக்கு அடுத்த அடி எங்கிருந்தேனும் வரட்டும், போகும் வழியும் திரும்பும் வழியும் உங்களுக்குத் திறந்திருக்கட்டும், நலமாக இருங்கள்.